ஆராய்ச்சியும் ஆராய்ச்சி மணியும்

ஆராய்ச்சி என்னும் சொல் நம் மொழியில் இருபொருள் பயப்பது. அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் ஆய்வுக்கூடமும் கண்ணாடிக் குழாய்களும் நுண்பெருக்கியும் இக்காலத்தார் மனக்கண்முன் தோன்றும். முற்காலத்தார்க்கோ அது முறைகேட்டை ஆராய்ந்து நீதி வழங்குதலையும் குறித்தது. திருவாரூரிலே சோழன் அரண்மனை வாயிலில் தொங்கிய மணிக்கு ஆராய்ச்சி மணி என்று பெயர். தேர்க்காலிற் கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்த கதையை அறியாத தமிழ்ச் சிறார் இலர். அரசன் தன் மகன்மேல் தேரூர்ந்ததையே கதை கேட்போர் பெரிதாகப் பேசுவர். வாயில்லா விலங்கொன்று முறையிடுதற்கும் அவ்வரண்மனையில் வழி திறந்திருந்தது என்பதே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

உயிருள்ள உடம்பின்மேல் ஓர் ஆராய்ச்சி நிகழுமிடத்து மற்றோர் ஆராய்ச்சியின் மணியும் அருகே தொங்குதல் வேண்டும். மருத்துவ ஆராய்ச்சிக்கென இன்று வகுக்கப்பட்டுள்ள விதிகளும் அறநெறிக் குழுக்களும் அம்மணியைக் கட்டுதற்குச் செய்த முயற்சிகளே. அவை எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, தமிழ் கற்போர்க்கு அவற்றில் என்ன பங்குண்டு என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முதற்கண், உயிர்களைச் சோதனைக்கு உட்படுத்துவது எற்றுக்கு என்னும் வினா எழும். எம்மூராகிய சங்கரன்கோவிலில் நின்றே இதற்கு விடை கூறலாம். அவ்வூர்க் கோயில் சங்கன், பதுமன் என்னும் இரு நாக வேந்தரின் கதையோடு பிணைந்தது. பாம்பச்சம் நீங்க வேண்டி உலோகத்தாற் செய்த பாம்புருக்களை மக்கள் அங்கே காணிக்கையாக இடுவர்; புற்றுமண்ணை மருந்தெனக் கொண்டு செல்வர். சூழவுள்ள கரிசற் காட்டில் இருள் பிரியாமுன் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் உழவன் இன்றும் பாம்பை அஞ்சியே அடி வைக்கின்றான். அவனைப் பாம்பு தீண்டிவிட்டால் மருத்துவமனையில் அவன் உடம்பில் ஏற்றும் நச்சுமுறி மருந்து குதிரையின் குருதியிலிருந்து வருவது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கின் நஞ்சையும் கொல்லாத அளவிற் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்துவர். அதன் குருதியில் நஞ்சை முறிக்கும் பொருள் ஊறும். பின்னர்க் குருதியை வாங்கி, அதன் தெளிநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுப்பர். நஞ்சைச் சேர்த்துத் தரும் தொழிலிற் பேர்பெற்றோர் இருளர். 1978ஆம் ஆண்டில் தோன்றிய அவர்தம் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் உள்ளது. அங்கே பாம்பைச் சில வாரங்களே வைத்திருந்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர்.

ஆகவே ஓர் உழவன் பிழைத்து வீடு திரும்ப, ஒரு பாம்பும் ஒரு குதிரையும் தம் பங்கைத் தந்துள்ளன. அவற்றை யாரும் இசைவு கேட்டாரில்லை, கேட்கவும் இயலாது. உயிரின்மேற் சோதனையே கூடாது என்பார், அவ்வுழவனின் மனைவிக்கு விடை கூறவேண்டியவராவர். எதையும் செய்யலாம் என்பார், அக்குதிரைக்கு விடை கூறவேண்டியவராவர். இவ்விரண்டிற்கும் இடையே நெறியொன்று காண்பதே அறிஞர் தம் வேலையாயிற்று.

எதையும் செய்யலாம் என்று துணிந்தோரின் வரலாறு கொடிது. ஜெர்மனியில் நாஜிகள் ஆண்ட நாளிலே சிறைமுகாம்களில் அடைபட்டோரை மருத்துவர் சிலர் உறைபனி நீரில் அமிழ்த்தியும், நோய்க்கிருமிகளை உடம்பிற் செலுத்தியும் சோதித்தனர். போர் முடிந்தபின் நூரம்பர்க் நகரில் 23 பேர்மேல் வழக்கு நிகழ்ந்தது. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தீர்ப்புரைத்த நீதிபதிகள் பத்து நெறிகளை வகுத்தனர். சோதனைக்கு உட்படுவோன் தானே விரும்பி இசைதல் வேண்டும் என்பது முதல் நெறி; வேண்டாமென்று தோன்றிய பொழுதே விலகிக்கொள்ள அவனுக்கு உரிமை வேண்டும் என்பது மற்றொன்று. 1964ஆம் ஆண்டில் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கி நகரிற் கூடி, இந்நெறிகளை மருத்துவர்க்கேற்ப விரித்து வெளியிட்டது.

இத்தகைய தீமை கொடுங்கோலாட்சியில் மட்டுமே விளையும் என்று எண்ணற்க. குடியாட்சி நாடாகிய அமெரிக்காவில், அலபாமா மாநிலத்து டஸ்கீகீ என்னுமிடத்தில், 1932 முதல் 1972 வரை நாற்பது ஆண்டுகள் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதில் அகப்பட்டோர் ஏறத்தாழ 600 கறுப்பினத்து ஏழை ஆடவர். அவருள் 399 பேர் மேகநோயுடையோர். அந்நோய் மருந்தின்றி எவ்வாறு முற்றுகின்றது என்று பார்ப்பதே ஆராய்ச்சியின் நோக்கம். அவர்களிடமோ, ‘உங்களுக்குக் கெட்ட இரத்தம், அதற்கு வைத்தியம் செய்கின்றோம்’ என்றனர். பெனிசிலின் அந்நோயைத் தீர்க்கும் என்று உலகறிந்த பின்னரும் அதனை அவர்க்கு அளித்திலர். கத்தியோ சங்கிலியோ அங்கே வேண்டியிருக்கவில்லை. ஒரு மழுப்பலான சொல் போதியதாயிருந்தது. இதனை நினைவிற் கொள்க. பின்னர் இதற்கு மீண்டும் வருவாம்.

இனி நம் நாட்டிற்கு வருவாம். 1956ஆம் ஆண்டில் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலகச் சுகாதார நிறுவனமும், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதில் ஒன்றுகூடின. காசநோயாளரைத் தனி மருத்துவமனையிற் படுக்கவைத்து, நல்லுணவும் ஓய்வும் அளித்தாலன்றி நோய் தீராதென்பது அந்நாளைய கொள்கை. அத்தனை பேருக்குக் கட்டிலோ நாட்டில் இல்லை. ஆகவே 193 ஏழை நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாரை மருத்துவமனையில் வைத்தும், மற்றவரை நெருக்கடி மிக்க தம் வீடுகளிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துவந்தனர். ஓராண்டிறுதியில் வீட்டிலிருந்தோருள் நூற்றுக்கு 86 பேரும், மருத்துவமனையிலிருந்தோருள் நூற்றுக்கு 92 பேரும் நோய் தணியப் பெற்றனர். வீட்டாருக்குத் தொற்றியதும் மிகுதிப்படவில்லை. 1959இல் வெளிவந்த அம்முடிபு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தையே மாற்றிவிட்டது. கட்டிலில்லாத ஏழைக்கும் மருந்துண்டு என்னும் துணிவு சேத்துப்பட்டிலிருந்தே பிறந்தது.

இத்துணை நற்பயன் விளைந்த ஆராய்ச்சியிலும் அறவினா ஒன்று அடங்கியிருந்தது. நோயாளி தன்பொருட்டு இசையலாம். அவன் பாயை அடுத்துப் படுக்கும் குழந்தைக்காக அவன் இசைதல் கூடுமோ? அங்கே ஆராய்ந்தோர் வீட்டாரையும் விடாது பல்லாண்டு சோதித்துப் பார்த்து வந்தனர். அவ்வாறு பார்த்திராவிடின், அந்நற்பயனே ஐயத்துக்கு இடமாயிருக்கும். ஆராய்ச்சியின் தீங்கு கையொப்பமிட்டவனோடு நின்றுவிடுவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

பன்னிரண்டாண்டு கழித்து, 1968இல், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர்ப் பகுதியில் அதனினும் பெரிய ஆராய்ச்சி தொடங்கிற்று. காசநோயைத் தடுக்கும் என்று உலகமெல்லாம் போடப்பட்டு வந்த பி.சி.ஜி. ஊசி உண்மையிலே தடுக்கின்றதா என்பதே அதன் வினா. ஏறத்தாழ 3,66,000 மக்களைப் பெயர் குறித்து, அவருள் 2,81,000 பேர்க்கு ஊசி போட்டனர். சிலர்க்கு மருந்துள்ள ஊசி. சிலர்க்கு மருந்தில்லாத ஊசி. பதினைந்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், வளர்ந்தோர்க்கு வரும் நுரையீரற் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்பது தெளிவாயிற்று. குழந்தைகளுக்கு வரும் கொடிய காசவகைகளைத் தடுத்தற்பொருட்டு அது இன்றும் போடப்படுகின்றது. ஆனால் அதனையே நம்பியிருந்தாற் போதாது என்று உலகம் அறிந்தது திருவள்ளூர்க் கிராமத்தாராலேயாம். மருந்தில்லாத ஊசியை ஏற்ற தோள்கள் இல்லையாயின் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

இவ்விரு ஆராய்ச்சிகளும் தொடங்கிய நாளில், மனிதரை ஆராய்ச்சிக்கு உட்படுத்துதல் பற்றி நாடு முழுமைக்குமான நெறிநூல் நம் நாட்டில் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதன்முதல் அத்தகைய கொள்கையுரை ஒன்றை வெளியிட்டது 1980இல். அதனை விரித்து வழிகாட்டு நெறிகளாக்கியது 2000இல். திருத்தியது 2006இலும் 2017இலும். புதுமருந்துச் சோதனைக்கெனச் சட்ட விதிகள் 2019ஆம் ஆண்டில் ஒருங்கே வகுக்கப்பட்டன. இந்நெறிகளின்படி, மனிதர்மேல் ஆராய்ச்சி செய்ய விரும்புவோர் முன்னரே தம் திட்டத்தை ஓர் அறநெறிக் குழுவிடம் காட்டி அதன் உடன்பாட்டைப் பெறல் வேண்டும். அக்குழுவில் ஏழு முதல் பதினைந்து பேர் இருப்பர். தலைவர் அந்நிறுவனத்தைச் சாராதவராதல் வேண்டும். மருத்துவரோடு சட்டம் அறிந்தவரும், சமூகவியலோ மெய்யியலோ சமயவியலோ கற்றவரும், மருத்துவமே பயிலாத பொதுமகன் அல்லது பொதுமகள் ஒருவரும் அமர்தல் வேண்டும். சோதனையினால் தீங்குற்றோர்க்கு மருத்துவமும் இழப்பீடும் அளித்தல் கடன். சிறுவராயின் பெற்றோர் இசைவோடு, ஏழாண்டு நிரம்பிய பிள்ளையின் ஒப்புதலும் வேண்டும்.

விதிகள் இருந்தும் மணி ஒலியாதிருந்த காலம் உண்டு. 2009ஆம் ஆண்டில், அந்நாளில் ஆந்திரத்தைச் சேர்ந்திருந்த கம்மம் மாவட்டத்தில் ஏறத்தாழ 14,000 சிறுமியர்க்கும், குஜராத்தின் வதோதரா மாவட்டத்தில் ஏறத்தாழ 10,000 சிறுமியர்க்கும் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி போடும் திட்டம் தொடங்கியது. பாத் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து அதனை நடத்திற்று. பத்து முதல் பதினான்கு வயதினர் அச்சிறுமியர், பழங்குடியினர் பலர், அரசு விடுதிகளிற் பயின்றோர் பலர். அவருள் எழுவர் இறந்தனர் என்னும் செய்தி பரவவே, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அவ்விறப்புகள் ஊசியால் நேர்ந்தன அல்ல என்று ஆராய்ந்த குழு கண்டது. ஆயினும் வேறொன்று வெளிப்பட்டது. 2013இல் வெளிவந்த நாடாளுமன்றக் குழுவின் அறிக்கைப்படி, ஆந்திரத்தில் நோக்கப்பட்ட 9,543 இசைவுத் தாள்களுள் 1,948இல் இருந்தவை கைநாட்டுகள். 2,763இல் கையொப்பமிட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள்.

விடுதியில் வாழும் மாணவர் இவ்விறுதித் தொகையைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க. நாம் ஊருக்குச் செல்லக் காப்பாளர் கையொப்பமிடுவார். உணவுக் கணக்கிற்கும் இடுவார். நம் உடம்பிற்கும் அவர் இடலாமோ? அவ்வூசி நல்லது என்று இன்று உலக அறிஞர் ஒப்புகின்றனர். ஆனால் மருந்து நன்றாயிருத்தல் வேறு. கேட்ட முறை நன்றாயிருத்தல் வேறு.  அத்திட்டம் செய்துகாட்டும் திட்டம் என்றே பெரிதும் வழங்கப்பட்டது. பெயர் மாறவே கேட்க வேண்டிய கேள்விகளும் தளர்ந்தன.

இனி, விலங்குகளின் நிலையைக் காண்பாம். இங்கும் தமிழகத்தின் பங்கு பெரிது. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட திருமதி ருக்மிணி தேவி அருண்டேல் விலங்குவதையைத் தடுக்கத் தனி மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அரசே அதனை மேற்கொள்ளும் என்று பிரதமர் நேரு உறுதி கூறவே, அவர் அதனைத் திரும்பப் பெற்றார். அம்முயற்சி 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமாயிற்று. 1962இற் சென்னையில் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதற்றலைவர். அச்சட்டம் ஆராய்ச்சியை அறவே விலக்கவில்லை. புத்தறிவு பெறுதற்கும் நோய் தீர்த்தற்கும் சோதனை செய்யலாம். ஆனால் வலி தெரியாதவாறு மயக்கமருந்து கொடுத்தல் வேண்டும். சிறு விலங்கு போதுமாயின் பெரு விலங்கைத் தொடலாகாது. நூலும் உருவமைப்பும் திரைப்படமும் அவ்வறிவைத் தருமாயின் சோதனையைத் தவிர்த்தல் வேண்டும். கைப்பழக்கம் பெறுதற்காக மட்டும் செய்தலாகாது. இவற்றை மேற்பார்க்க 1964இல் ஒரு நடுவண் குழு அமைந்தது. 1998ஆம் ஆண்டு விதிகளால் அது வலிமை பெற்றது. விலங்காராய்ச்சி செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு குழு உண்டு. அதில் அறிவியலாரோடு கால்நடை மருத்துவரும், நடுவண் குழுவின் சார்பாளரும், அறிவியல் சாராத சமூகநலம் பேணுவார் ஒருவரும் இருத்தல் வேண்டும்.

ரசல், பர்ச்சு என்னும் ஆங்கில அறிஞர் இருவர் 1959இற் கூறிய மூன்று நெறிகள் இக்குழுக்களுக்கு அளவுகோலாம்: விலங்குக்கு மாற்று உண்டாயின் மாற்றுக, இன்றேல் எண்ணிக்கையைக் குறைக்க, அதுவும் இயன்றபின் துன்பத்தைத் தணிக்க. சோதனை முடிந்த விலங்கைப் பின்னும் பேணுக என்று நம் நாட்டார் நான்காவதொன்றைச் சேர்த்தனர். முதல் நெறியின் பயனைக் குன்னூர் அறியும். 1907இல் அங்கே நிறுவிய பாஸ்டர் நிலையத்தில் வெறிநாய்க்கடி மருந்து நெடுங்காலம் ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. ஆட்டுக்கு அந்நோயை ஊட்டி, அதன் மூளையை எடுத்துப் பதம்செய்து, மனிதர்க்கு ஊசியாக இடுவர். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பாட்டனார் அஞ்சியது அதுவே. சிலர்க்கு அம்மருந்தினாலேயே வாதநோய் கண்டதும் உண்டு. 2004இறுதியில் நாடு முழுதும் அது நிறுத்தப்பட்டது. இன்று குடுவையில் வளரும் உயிரணுக்களிலிருந்து மருந்து செய்கின்றனர். ஊசிகள் நாலைந்தாகக் குறைந்தன, தீங்கும் குறைந்தது. ஆட்டுக்குக் காட்டிய இரக்கமும் மனிதர்க்கு விளைந்த நன்மையும் அங்கே ஒருவழிப்பட்டன.

நம் கல்லூரிகளின் விலங்கியற் கூடங்களிலும் இம்மாற்றம் நிகழ்ந்துள்ளது. மெழுகுத் தட்டில் தவளையைக் குண்டூசியால் அறைந்து வகிர்ந்த நாளைப் பழைய மாணவர் மறந்திரார். பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் அதனைப் படிப்படியாகக் குறைக்கவும், 2014இல் நிறுத்தவும் அறிவித்தது. தவளையின் இதயத்தைப் படத்திலும் கணினித் திரையிலும் கண்டு கற்க இயலுமாயின், கற்பதற்கென்று ஒரு தவளை ஏன் சாகவேண்டும்?

இறுதியாக, தமிழ் பயில்வோர்க்கு இதில் என்ன வேலை என்பதனைக் கூறுவாம். மேற்கூறிய குழுக்கள் அனைத்திலும் மருத்துவமறியாத பொதுவர் ஒருவர்க்கு இருக்கை இட்டது எதற்கு? ஏழையின் கையில் கொடுக்கும் இசைவுத் தாளை அவ்வேழையின் கண்ணாற் படித்துப் பார்ப்பதற்கே. அத்தாள் அவன் மொழியில் இருத்தல் வேண்டும் என்பது விதி. அம்மொழி தமிழெழுத்தில் இருந்தால் மட்டும் போதுமோ?

பரிசோதனை என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. கண் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை என்று நாள்தோறும் வழங்குகின்றோம். உள்ள நோயைக் கண்டறிதல் என்பது அங்கே பொருள். புதுமருந்தை மனிதர்க்குக் கொடுத்துப் பார்ப்பதற்கும் அதே சொல்லை இடுகின்றோம். சங்கரன்கோவில் விசைத்தறியில் வேலை செய்யும் ஒரு தாயிடம், ‘உங்கள் பிள்ளைக்குப் பரிசோதனை செய்யலாமா, அம்மா?’ என்று கேட்டால், ‘செய்யுங்கள், ஐயா’ என்றே சொல்வாள். தன் பிள்ளைக்கு நோயுண்டா என்று பார்க்கின்றார்கள் என்று அவள் எண்ணுவாள். அவள் இசைந்தாள் என்று தாள் கூறும். எதற்கு இசைந்தாள் என்று அவள் அறியாள். கெட்ட இரத்தம் என்னும் சொல்லால் அலபாமாவில் விளைந்தது, இங்கே கேட்பவர் கள்ளமில்லாதவராயினும் விளையக்கூடும்.

மருந்தில்லாத ஊசியைப் போலி மருந்து என்று பெயர்த்தெழுதுவோர் உளர். போலி மருந்தென்றால் கலப்படக்காரன் விற்பது என்றே ஊரார் கொள்வர். எவ்வூசி எவர்க்கு என்பதனைப் போடுவோரும் ஏற்போரும் அறியாத முறையை இரட்டைக் குருட்டு முறை என்று எழுதுவாரும் உளர். அதனைப் படிப்பவர் கண் போய்விடுமோ என்று அஞ்சாரா? ‘இன்னார்க்கு இன்னது என்று நாங்கள் தெரிந்தெடுப்பதில்லை, திருவுளச்சீட்டுப் போட்டாற்போல் அமையும். உங்களுக்கு மருந்தில்லாத ஊசியும் வரலாம். வேண்டாமென்றால் எப்பொழுதும் விலகலாம்; விலகினாலும் உங்களுக்குச் செய்யும் வைத்தியம் குறையாது’ என்று எழுதினால் எவர்க்கு விளங்காது? இதனை எழுதுதற்கு மருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. சொல்லின் பொருளை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அப்பழக்கத்தைத் தருவதற்கன்றோ இலக்கணமும் இலக்கியமும் நமக்குக் கற்பிக்கப்படுகின்றன?

ஆகலின், உடன் பயிலும் தமிழ் மாணவர்காள்! அறிவியற் கூடத்தின் வாயிலை நமக்குரியதன்று என்று கடந்து செல்லற்க. மருத்துவமனைக் குழுவில் ஒரு பொதுவர் வேண்டுமென்று அழைப்பு வருமாயின், தமிழாசிரியராயிருப்பினும் தறிக்காரராயிருப்பினும் தயங்காது செல்லுக. இசைவுத் தாள் ஒன்று கைக்கு வருமாயின், எழுதப்படிக்க அறியாத முதியவர் ஒருவர்க்கு உரக்கப் படித்துக் காட்டி, அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்று அவர் வாயாலேயே கேட்டறிக. விளங்காத சொல் ஒன்று இருப்பின் அதனை மாற்றும்வரை விடாது கேட்க. திருவாரூர் மணி எட்டாத உயரத்தில் தொங்கியிருப்பின் பசு அதனை அசைத்திராது, அரசனும் உறங்கியேயிருப்பான். சட்டம் மணியைக் கட்டித் தந்துள்ளது. கயிற்றைத் தாழவிடுதல் மொழியறிந்தார் கடன்.

— தமிழ் ஆனர்ஸ் மாணவன், இரண்டாம் ஆண்டு